பெறுநர்: முப்பத்தேழு பேர்

வள்ளியூர் ரயில்வே கேட்டுக்குத் தெக்கே
ஒற்றை ஷட்டர் கடை என்னுடையது.
ஆயில் சீல், ஓ-ரிங், காஸ்கெட்.
கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உட்கார்ந்து
எண்ணெயை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறவை.

பில் புக்கின் பின்னட்டையில்
கோடு கிழித்து வைத்திருப்பேன்: பெயர், போன், மெயில்.
மெயில் கட்டத்தைப் பெரும்பாலும் தாண்டிவிடுவார்கள்.
எழுதியவர்கள் முப்பத்தேழு பேர்.
அதில் ஒருவர், அட் குறி போடத் தெரியாமல்
ஒரு ஜிலேபி வரைந்திருந்தார்.

"பத்தாயிரம் முகவரி தாரேன், ரெண்டாயிரம் ரூவா"
தூத்துக்குடிப் பையன் ஒருவன் பென் டிரைவை நீட்டினான்.
யாரோடது?
"எல்லாரோடதும்."
அழைக்காத வீட்டில் கை நனைக்கிற பழக்கம்
எங்களுக்கு இல்லை, போய்ட்டு வா என்றேன்.

வைகாசியில் ஒரு ராத்திரி, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
எழுத உட்கார்ந்தேன்.
'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே' என்றதும்
மின்வாரிய நோட்டீஸ் மாதிரி இருந்தது.
'அன்புடையீர்' கல்யாணப் பத்திரிகை.
'அண்ணாச்சி, நல்லாருக்கீகளா' என்று அடித்தேன்.
அப்புறந்தான் நினைவு வந்தது,
ஏழாவது பேர் பாலிடெக்னிக் லேப் மேடம்.
பதினெட்டாவது, ஏர்வாடியில் தையல் மெஷின் பழுது பார்க்கும்
மும்தாஜ் பானு.
பட்டியலை ரெண்டாகப் பிரித்தேன்.
பிறகு மூன்றாக.
போர்வெல்காரருக்குக் காற்றாலைச் சங்கதி எதற்கு?

தலைப்பு வரிக்கு மட்டும் ஒரு மணி நேரம்.
'மாபெரும் தள்ளுபடி' பொய்.
பத்து சதவீதம் எங்கே மாபெரும் ஆகும்?
கடைசியில் போட்டது:
'காத்துக் காலம் வந்தாச்சு, சீலைப் பாத்துக்கிடுங்க.'

அனுப்பு என்பதை அமுக்கினேன்.
சத்தமே இல்லை.
ஷட்டரை இறக்கினால்கூட ஊருக்கே கேட்கும்.

நாலு திரும்பி வந்தன, ஜிலேபி உட்பட.
மும்தாஜ் பானு கேட்டிருந்தாள்:
'அக்கா, சீலைக் கடையும் போட்டிருக்கீகளா?'
'இனி அனுப்ப வேண்டாம்' என்ற வரியை
அடியில் நான்தான் வைத்தேன்.
அதை முதலில் அமுக்கியவர் என் மச்சினர் சுடலைமணி.
ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவர்
அதைப் பற்றி மூச்சு விடவில்லை.
நானும் கேட்கவில்லை.
நெஞ்செலும்பில் ஒரு துண்டு குறைத்துப் போட்டேன்.

பணகுடிக்கு அங்கிட்டுக் காற்றாலையில்
ராத்திரி பிரேக்டவுன் பார்க்கும் கொம்பையா
என் கடிதத்தைப் பதினோரு தடவை திறந்திருந்தார்.
ரெண்டு பத்து. மூணு நாற்பது. மறுநாளும் மூணு மணிக்கு.
திறந்த நேரம் எனக்குத் தெரியும் என்பது
அவருக்குத் தெரியாது.
ஜன்னல் திறந்து கிடக்கிற வீட்டைத் தாண்டும்போது
முகத்தைத் திருப்பிக்கொள்வதுபோல
அந்தப் பக்கத்தை மூடினேன்.
மறுநாள் மறுபடி திறந்து பார்த்தேன், என்ன செய்ய.

மூணாவது வாரம் அவரே எழுதினார்,
ஒரு புள்ளி வைக்காமல், ஒரே மூச்சில்:
'அக்கா நீங்க அடியில ஒட்டியிருந்தீகள்லா
உள்விட்டம் வெளிவிட்டம் தடிமன் அந்த அட்டவணை
அதப் பாத்துதான் வேலை பாக்கேன்
மேல ஏறினா காத்துல பேப்பர் நிக்காது
போன்ல நிக்குது'

இடம் காலியாய்க் கிடக்கிறதே என்று ஒட்டினது அது.
பத்து சதவீதத்தை அவர் பார்க்கவே இல்லை.

அடுத்த கடிதத்தில் தள்ளுபடியை அடியில் இறக்கி
அட்டவணையை உச்சிக்கு ஏற்றினேன்.
எழுத்தையும் பெரிதாக்கினேன்,
ஆடுகிற கையில் இருந்தாலும் தெரிகிறாப்போல.

ஆடியில் ஒரு ஆர்டர்.
முப்பத்தைந்து, ஐம்பத்திரண்டு, ஏழு. ரெண்டு எண்ணம்.
நூற்று எழுபத்தாறு ரூபாய்.
நாகர்கோவில் வண்டியில் கொடுத்துவிட்டேன்,
கண்டக்டருக்கு இருபது.

பட்டியலில் இப்போது முப்பத்திரண்டு பேர்.
நேற்று ஜிலேபிக்காரர் கிளாண்ட் பேக்கிங் வாங்க வந்தார்.
பில் புக்கைத் திருப்பி வைத்துப் பேனாவை நீட்டினேன்.
நாக்கைக் கடித்துக்கொண்டு, மெதுவாக வளைத்தார்.
இந்தத் தடவை
வால் சரியான பக்கம் சுற்றியது.