இருபத்தைந்தில் ஒன்று

படப்பிரிவில் நாலு பேர் இருந்தோம்.
இப்போது நான் மட்டும்.
"இனிமேல் வீடியோவாக எடு.
வேண்டிய இடத்தில் நிறுத்தி
ஒரு படம் உருவிக்கொள்ளலாம்" என்றார்
ஆசிரியர் ஃபான் ரூயன்,
ஏதோ பலாச்சுளை எடுப்பதுபோல.

நொடிக்கு இருபத்தைந்து சட்டகங்களாம்.
ஐந்நூறில் ஒரு நொடி, ஆயிரத்தில் ஒரு நொடி
என்று இருபது வருடம் பிழைத்தவள் நான்.
அச்சேறியதையெல்லாம் கூட்டிப் பார்த்தால்
ஒரு கோப்பைத் தேநீர் ஆறும் நேரம் வராது.

அன்று இசிபிங்கோவில்
ஆறு தெருப்பெயர்ப் பலகைவரை ஏறியிருந்தது.
குடிசைகள் நின்ற சரிவில்
சேறு நின்றது;
நின்றதா, அதுவும் மெல்ல நகர்ந்தது.
இடுப்பளவு நீரில் ஒரு பெண் வந்தாள்.
தலைக்கு மேலே தூக்கிய கையில்
பள்ளிக்கூடக் காலணி ஒரு ஜோடி,
கறுப்பு, பாலிஷ் மினுங்க,
ஒரு சொட்டு படாமல்.

என் விரல் துடித்தது.
அழுத்துவதற்கு ஒன்றுமில்லை.
சிவப்புப் புள்ளி ஏற்கெனவே
எரிந்துகொண்டிருந்தது.

இரவு ஒன்றரை மணி.
லிண்டிவே சட்டகம் சட்டகமாகத் தள்ளினாள்.
இதில் கை சரி, கண் மூடியிருக்கிறது.
இதில் கண் சரி, காலணி வார் முகத்தின் குறுக்கே.
நான் பார்த்த அந்த ஒன்று
பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே
நழுவிப் போயிருந்தது.
பார்த்தேன், சத்தியமாக.
சாட்சிக்கு யாருமில்லை.

"ஓட விடவா?"
ஓடியது.

கரையேறினாள்.
காலணியைக் கவிழ்ந்த கதவொன்றின்மேல் வைத்தாள்.
மூக்கைச் சிந்தினாள்.
ரவிக்கைக்குள்ளிருந்து செல்போனை எடுத்து உதறி
யாரையோ பார்த்துச் சிரித்தாள்,
முன்பல் ஒன்று இல்லை.
என் படங்களில் இதுவரை
ஒருவரும் மூக்குச் சிந்தியதில்லை.
அதற்குள் ஷட்டர் மூடிவிடும்.

பிறகு ஒரு குரல்.
மழைக்கும் ஜெனரேட்டருக்கும் மேலே,
காதோரத்தில்,
காய்கறிக்காரியின் கறாரும் கனிவுமாய்:
"பகமீசா, சிஸி.
தூக்கு. இன்னும் ஒரு தரம்.
அங்கிருந்து வா."

அவள் காமராவைப் பார்த்தாள்.
காலணியை எடுத்தாள்.
திரும்பவும் நீரில் இறங்கினாள்.

லிண்டிவே ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.
யாருடைய குரல் என்று கேட்கவில்லை.
"இவள் பெயர் என்ன?" என்றாள்.
அது என்னிடம் இருந்தது,
படக்குறிப்புக்கு வேண்டுமே:
நோம்வுலா.
"மழையோடு வந்தவள்" என்றாள் லிண்டிவே,
திரையிலிருந்து கண் எடுக்காமல்.

அப்படிச் சொன்னதாக
எனக்கு நினைவே இல்லை.
சொன்ன வாய் என்னுடையது.

வீட்டுச் சுவரில் பதினொரு படங்கள்,
இரண்டு பரிசு வாங்கியவை.
துறைமுக வேலைநிறுத்தத்தில்
முஷ்டி உயர்த்தியவர்.
தீப்பிடித்த மெரிபேங்க் வீட்டின் வாசலில்
பறவைக்கூண்டை அணைத்து நிற்கும் பையன்.
அந்த முஷ்டி தானாக உயர்ந்ததா?
கூண்டு முதலிலேயே அவன் கையில் இருந்ததா?
விடியும்வரை ஒவ்வொன்றாய்
காதை வைத்துக் கேட்டேன்.
கண்ணாடி சில்லென்றிருந்தது.
நிழற்படம் எடுத்தவளைக்
காட்டிக்கொடுக்காது.
இத்தனை காலம் அதை
நேர்மை என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் நாற்பது நொடி வீடியோ போனது.
ஒலியை அணைத்துவிட்டார்கள்;
எல்லாரும் பேருந்தில் அப்படித்தான் பார்க்கிறார்களாம்.
முதல் பக்கத்தில் உருவிய படம்:
கை உயர்ந்து, கண் திறந்து,
வெளிச்சம் நன்றாக விழுந்த
இரண்டாவது தடவை.
கீழே
'கோகிலம் படையாச்சி' என்று என் பெயர்.
"சொன்னேனா இல்லையா" என்றார் ஃபான் ரூயன்.

நாளிதழைக் கண்ணருகே பிடித்தால் தெரியும்:
இடது காலணியின் நுனி
நனைந்திருக்கிறது.