பாட்டில் கணக்கு

கவுனாஸில் ஒரு காலி பாட்டிலுக்குப்
பத்து சென்ட்.
கடை வாசல் இயந்திரத்தின் வாயில் போட்டால்
உள்ளே நொறுங்கும் சத்தம்,
பிறகு ஒரு சீட்டு.

எங்கள் ஊர்க் கூடைப்பந்து அணி ஜெயித்த இரவுகளில்
விடுதியின் நான்காம் மாடியில்
என்னைவிடச் சந்தோஷமானவள் கிடையாது.
ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை நான்.
தோற்றால் ஆளுக்கு ஒன்று குடித்துவிட்டுப்
படுக்கப் போவார்கள்.
ஜெயித்தால்
படிக்கட்டு முழுக்க வருமானம்.

டோவிதாஸ் கதவைப் பாதி திறந்து
மூட்டையை நீட்டும்போது கேட்பான்:
"இன்றைக்கு எந்த ஊர் வரை வந்திருக்கிறாய்?"

லிஸ்பன் அறுநூற்று நாற்பது பாட்டில்.
ஏதென்ஸ் ஐந்நூற்றுப் பத்து,
செவ்வாய்க்கிழமை புறப்பட்டால் நானூற்றெண்பது.
ரெய்க்யாவிக் பற்றிப் பேச வேண்டாம்,
அங்கே ஒரு கிண்ணம் சூப்பே நூற்றெழுபது.

விரலுக்கேற்ற வீக்கமாக
பெர்கமோ வந்தது.
போக நூற்றெழுபது, வர இருநூற்றிருபது.
டிக்கெட்டில் மிலான் என்றுதான் போட்டிருந்தார்கள்.
மிலான் அங்கிருந்து
இன்னும் நூறு பாட்டில் தள்ளி.

மூன்று ஸ்வெட்டர், மேலே ருகிலேயின் கோட்டு,
கோட்டுப் பையில் அவித்த முட்டை நாலு,
கறுப்பு ரொட்டி, பல் துலக்கி.
பையை அளக்கும் இரும்புச் சட்டத்தருகே
மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்,
என் வயிற்றையும் சேர்த்து அளப்பார்கள் என்பதுபோல.
பை இறங்கிவிட்டது.
எடுக்கத்தான் வரவில்லை.
சைக்கிள் ஹெல்மெட் மாட்டியிருந்த ஒருவன்
சட்டத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்ள
நான் இழுத்தேன்.
வரிசை கைதட்டியது.

ஜன்னல் இருக்கைக்குத் தனியாக எண்பது கேட்டார்கள்.
நடுவில் உட்கார்ந்து,
பக்கத்தில் தூங்கியவனின் முகத்தைத் தாண்டி
ஆல்ப்ஸைக் கொஞ்சம் பார்த்தேன்.
மீதியை அவன் மூக்கு மறைத்தது.

மலையேறும் ரயிலை விட்டுவிட்டு
படிப்படியாக மேலே நடந்தேன்.
ஒவ்வொரு ஸ்வெட்டராகக் கழன்றது.
குழாயில் வழிந்த தண்ணீரைக் குடித்துவிட்டு
சுற்றுமுற்றும் பார்த்தேன்,
யாரும் ரசீது கொண்டுவரவில்லை.
சாயங்காலம் பழைய கோட்டை மதிலில் உட்கார்ந்தபோது
கீழே ஊர் விளக்குகள்
தெருத் தெருவாக எரிய ஆரம்பித்தன.
நான்காவது முட்டையை
அதுவரைக்கும் வைத்திருந்தேன்.

மதிலோரம் பாட்டில்கள் கிடந்தன.
பதினொன்று.
யாரும் பொறுக்கவில்லை. எனக்குக் கை பரபரத்தது.
குப்பை வண்டி தள்ளி வந்த பெண்ணிடம்
சைகையில் கேட்டேன்,
எங்கே கொடுத்தால் காசு தருவார்கள் என்று.
அவள் பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
"நியென்தே" என்றாள்.
அகராதி தேவைப்படவில்லை.
பதினொரு பாட்டில்,
ஒரு அடி தூரம்கூட இல்லை அவற்றுக்குள்.
வெளிநாட்டில் இருக்கிறேன் என்று
அப்போதுதான் உறைத்தது.

அந்த மயக்கத்தில்
ஒரு ஆரஞ்சு சோடா வாங்கினேன்.
இருபத்தைந்து.
விலையைக் கேட்காமலே வாங்கினேன்.

காலை ஆறு இருபத்தைந்து விமானத்துக்காக
விமான நிலைய பெஞ்சில் ராத்திரி முழுக்க,
பையின் வாரைக் காலில் சுற்றிக்கொண்டு,
தூங்கினேன் என்று சொல்ல மாட்டேன்.
தரை துடைக்கும் வண்டி வரும்போதெல்லாம்
காலைத் தூக்கினேன்.

திரும்பி வந்த அன்றே
சோடா பாட்டிலை இயந்திரத்தில் போட்டேன்.
துப்பியது.
"இந்தப் பாட்டிலை ஏற்க இயலாது."
திருப்பிப் போட்டேன். துப்பியது.
மூன்றாம் முறை
வேண்டுமென்றேதான் போட்டேன்,
பின்னால் நின்றவர்கள் அதைப் படிக்கட்டும் என்று.

இப்போது அது எங்கள் ஜன்னலில் நிற்கிறது.
ருகிலே அதில் பல் துலக்கியைச் செருகப் பார்த்தாள்,
சண்டை வந்தது.

இன்று இரவு ஏழரைக்கு ஆட்டம்.
எதிரணி பலமானதாம்.
டோவிதாஸிடம் போய்
கூடைக்குள் பந்து விழுந்தால்
எத்தனை புள்ளி என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.