கம்பி சுற்றிய கைப்பிடி

தீவுத்திடலில் அகில இந்திய மாநாடு.
ஓட்டேரி குடோனின் வெறுந்தரையில்
டிவியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.
உட்கார ஒரு நாற்காலி இல்லை.
பன்னிரண்டாயிரத்து நானூறும் அங்கே.
போதாதென்று செங்குன்றம் காஜா பாயிடம்
கைமாற்றாக ஆறாயிரம்.
கவிழ்த்துப் பார்த்தால் எங்களுடையதில்
வெள்ளைப் பெயின்டில் மே.சா. என்றிருக்கும்.
மேரி சாந்தகுமாரி. நான்தான்.

மூன்று மணிக்கு ஒரு சேனல்
வானத்திலிருந்து காட்டியது.
சிவப்பே தெரியவில்லை, எல்லாம் தலைகள்.
'அலைகடலெனத் திரண்ட தொண்டர்கள்'
என்று கீழே எழுத்து ஓடியது.
மாற்றினேன்.
அதே திடல், அதே மூன்று மணி.
பிரிக்காத பொட்டு அட்டை மாதிரி
வரிசை வரிசையாகச் சிவப்பு.
'வெறிச்சோடிய மாநாடு.'

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.
கிழக்குப் பக்கம் பந்தல் வேண்டாம், செலவு மிச்சம்
என்று சொன்னது அவர்கள் வட்டச் செயலாளர்.
ஆவணி வெயிலில் பிளாஸ்டிக் எப்படிச் சுடுமென்று
உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும்.
லாரியோடு போன செங்கேணி போனில் சொன்னான்:
"லைட் கம்பத்து நிழல்ல க்யூவா நிக்கிறாங்கக்கா,
நிழல் நகர நகர அவங்களும் நகர்றாங்க."
அந்த வரிசையை
எந்த சேனலும் காட்டவில்லை.

டெல்லித் தலைவர் பேசினார்.
மொழிபெயர்ப்பவர் வாய் திறக்குமுன்பே
கைதட்டல் வந்துவிட்டது.
அவர் பாவம், தட்டி முடித்ததற்கு அர்த்தம் சொன்னார்.

ஸ்டுடியோவில் ஆறு கட்டங்களுக்குள் ஆறு பேர்.
ஐந்து பேர் சேர்ந்து பேச,
மூன்றாவது கட்டத்துக்காரர் சொன்னது மட்டும் கேட்டது:
"எல்லாமே நாற்காலிக்காகத்தான்."
ஒன்றுக்கு ஏழு ரூபாய் வாடகை சார்,
பாதிதான் வந்திருக்கிறது
என்று டிவியிடம் சொன்னேன்.

அப்போதுதான் பார்த்தேன்.
பச்சைச் சேலைக்காரி ஒருத்தி,
கன்னத்தில் கை வைத்து, கண் மூடி.
அவள் முழங்கை ஊன்றியிருந்த கைப்பிடி
உடைந்து, கட்டுக்கம்பி சுற்றியது.
போன தை மாதம் நான் சுற்றிய கம்பி.
நாலு நொடி காட்டினார்கள்.
'தலைவரின் உரையில் மெய்மறந்த பெண் தொண்டர்.'
தூங்குகிறாள் அய்யா,
எந்த ஊரிலிருந்து எத்தனை மணிக்கு
வேனில் ஏற்றினார்களோ.

ஆறரைக்கு மழை.
நாற்காலிகளைத் தலைக்குமேல் கவிழ்த்துக்கொண்டு
கூட்டம் அண்ணா சாலைப் பக்கம் ஓடியது.
ஒரு சேனல்: 'மழையிலும் கலையாத கூட்டம்.'
இன்னொன்று: 'மழையால் கலைந்த கூட்டம்.'
எனக்கு ஆயிரக்கணக்கில்
மே.சா. மே.சா. என்று தெரிந்தது.
முதல் தடவையாக என் பெயர் டிவியில்,
அதுவும் ஓடிக்கொண்டே.

விடியற்காலை இரண்டு மணி தொடங்கி எண்ணினோம்.
கட்சி ஐந்து லட்சம் என்றது,
போலீஸ் நாற்பதாயிரம்.
நானும் செங்கேணியும்
பத்துப் பத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் கட்டியால் கோடு கிழித்து:
பன்னிரண்டாயிரத்து எண்பத்தேழு.
மீதிப் பணத்துக்குப் போன் போட்டால்
"அண்ணன் பேட்டியில் இருக்கிறார்."

கம்பி சுற்றியது வரவில்லை.
காலைச் செய்தியில் மறுபடியும் அந்த நாலு நொடி.
அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை.
நோட்டில் 'வராதவை' என்ற இடத்தில்
முந்நூற்றுப் பதின்மூன்று என்று எழுதி,
ஒன்று டிவியில் இருக்கிறது
என்று சின்னதாகக் குறித்துவைத்தேன்.

ஏழு மணிக்கு அயனாவரத்தில் காதுகுத்து.
இருநூறு கேட்டிருக்கிறார்கள்.
ஈரமில்லாததாகப் பார்த்து
ஏற்றச் சொல்ல வேண்டும்.