விரிசல் கணக்கு

ஓக்லஹோமா நகரம், 1964

காலை ஏழுக்கு முதல் இடி.
மேகமே இல்லை.
இன்னும் கட்டாத ஒரு விமானத்தின் சத்தத்தை
எங்கள் கூரைகள் தாங்குமா என்று
போர் விமானங்களை விட்டுப் பார்க்கிறார்கள்,
நாளுக்கு எட்டு முறை.

நான் புகார்ப் பிரிவு குமாஸ்தா.
அளவுநாடா, பென்சில், மூன்று நகல் படிவம்.

லொரீன் ஹாஸ்கெட் வீட்டுச் சமையலறையில்
ஜன்னல் மூலையிலிருந்து கோணலாக இறங்கியது
பதினோரு அங்குலம்.
"போன வாரம் ஒன்பது" என்றாள்.
தேதி போட்டுக் குறித்திருந்தாள்,
மகனின் உயரத்தைக் குறித்த கதவுநிலைக்குப் பக்கத்திலேயே.
அவன் இவ்வளவு வேகமாக வளரவில்லை.

பேச்சை நிறுத்தாமலே எழுந்து போய்
அடுக்கிய தட்டுகளின் மேல் உள்ளங்கையை வைத்தாள்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
இடித்தது.
என் காப்பியில் ஒரு வட்டம் விரிந்து அடங்கியது.

'பழைய வீடு, பழைய சுண்ணாம்பு' என்று எழுதினேன்.
அப்படித்தான் எழுதச் சொல்லியிருந்தார்கள்.
கையெழுத்து. முத்திரை.

ஏழு வருடம் கழித்துச் செய்தித்தாளில்:
திட்டம் கைவிடப்பட்டது.
சியாட்டிலில் மரத்தில் செய்த மாதிரி ஒன்று மட்டும் மிச்சமாம்.
பிறக்கவேயில்லை பிள்ளை;
அழுகையை மட்டும் ஆறு மாதம்
ஊரே கேட்டுத் தொலைத்தது.

என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியாமலே
அவள் கதவைத் தட்டினேன்.
காப்பி தந்தாள்.
சுவரில் விமானக் கம்பெனி காலண்டர்:
தொந்தி பெருத்த ஜம்போ ஒன்று
சாவகாசமாய்க் கடல் தாண்டிக்கொண்டிருந்தது.

காலண்டருக்குக் கீழே
அரையங்குலம் எட்டிப் பார்த்தது
விரிசலின் வால்.