முதல் குழி

பானெட்டை நாங்கள் இரண்டு பேரே கழற்றிவிட்டோம்.
ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் அது ஒரு வசதி,
மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்த்து
முகமே கையோடு வந்துவிடும்.
சுவரோரம் சாய்த்து வைத்தோம்.
எதிர்வீட்டைப் பார்த்தபடி
ரெண்டு கண்ணும் திறந்தே கிடந்தன.

திருநகர் மூன்றாவது ஸ்டாப். ஞாயிறு, காலை ஆறரை.
ரேடியேட்டர் தண்ணீரை இறக்கினான் தனுஷ்கோடி.
வீடு துடைக்கிற வாளியில்
மூன்று நாள் ரசம் மாதிரி நின்றது.

கழற்றுகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி.
முப்பது முட்டை பிடிக்கிற அட்டை.
'கார்பரேட்டர் நட்டு, ரெண்டு.'
'சைலன்சர் போல்ட்டு, ஒண்ணு மொட்டை.'
பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு
குழியோரம் எழுதினான்.
இரண்டாவது குழியிலிருந்துதான் ஆரம்பித்தான்.
முதல் குழியில் ஏதோ
வேஸ்ட் துணி அடைத்திருந்தது.

நான் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன்,
அவன் கேட்பதற்கு முன்பே,
அரை, ஏழு பதினாறு, மறுபடி அரை.
குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள்.
நெஞ்சைப் பற்றித் தெரியாது,
கை சுறுசுறுக்கிறது.

போன மாதம் நத்தத்தில் காதணி விழா.
நான் மட்டும்தான் போனேன்.
திரும்புகையில், சத்திரப்பட்டி தாண்டியதும்
டாஷ்போர்டில் மிளகளவு விளக்கு.
கழுத்தில் இரவல் நகை. இருட்டுகிற நேரம்.
கட்டைவிரலால் அதை மறைத்துக்கொண்டு
ஊமச்சிகுளம் வரை ஓட்டினேன்.
அங்கே அது தானாகவே நின்றது,
வாணலியில் கரண்டி சிக்கிய சத்தத்தோடு.

ஒரே தடவைதான் கேட்டான்,
இழுவை வண்டிக்காரன் காசு வாங்கிப் போன பிறகு.
'ஆயில் லைட் எரிஞ்சுச்சா?'
'இல்லையே' என்றேன்.
'இல்லை' போதும்.
அந்த ஏகாரம் வேண்டியதில்லை.
'அப்ப பல்பு போயிருக்கும்' என்றான்.

பத்து மணிக்கு அவனியாபுரத்திலிருந்து
குட்டியானையில் மூன்று இரும்புக்கால் வந்தது,
செயின் பிளாக்கோடு.
சோலைமலை போர்வெல் மோட்டார் தூக்குகிற ஆள்.
'எத்தனை அடில கெடக்கு?' என்றான் பழக்கத்தில்.
'ரெண்டடி.'
'ரெண்டடிக்கா என்னையக் கூப்பிட்டீக?'
சிரித்தோம்.
நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

செயினை இழுக்க இழுக்க
இன்ஜினோடு வண்டியும் எழும்பியது.
'நில்லு, நில்லு, எதோ பிடிக்கிது!'
அடியில் தவழ்ந்து போனான் தனுஷ்கோடி.
வெளியே தெரிந்தது குதிகால் வெடிப்பு மட்டும்.
எல்லாம்தான் கழற்றியாயிற்று,
எழுதிக்கூட வைத்தாயிற்று.
உள்ளிருந்து குரல் வந்தது:
'எர்த் வயரு.
நாந்தான் மறந்துட்டேன்.'
எவ்வளவு சுலபமாகச் சொல்கிறான்.

விட்டது.
இன்ஜின் ஆடி ஆடி மேலே போக,
வண்டி முன்பக்கம்
மூன்று விரற்கடை நிமிர்ந்தது.
உள்ளே இருந்ததை எடுத்துவிட்டால்
ஒரு ஹெரால்டு இத்தனை லேசாகுமா!
பொறாமையாக இருந்தது எனக்கு.

பழைய லாரி டயர் மேல் இறக்கினார்கள்.
சொட்டு எண்ணெய் சிந்தவில்லை,
சிந்த இருந்தால்தானே.
சோலைமலை எண்ணூறு வாங்கிக்கொண்டு
காபி வேண்டாமென்று கிளம்பினான்,
விளாச்சேரியில் யார் வீட்டிலோ
நானூறு அடியில் மோட்டார் மாட்டியிருக்கிறதாம்.

சாயங்காலம் சம்ப்பைத் திறந்தான்.
பேரிங் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.
வெள்ளை தேய்ந்து செம்பு தெரிந்தது.
நகத்தால் ஒரு கீறு கீறினான்.
என்னிடம் காட்டவில்லை, மறைக்கவுமில்லை.
கையில் மண்ணெண்ணெய் தேய்த்துவிட்டுக்
குளிக்கப் போனான்.

பரங்குன்றத்துப் பக்கம் மின்னியது.
நனைந்துவிடுமே என்று
முட்டை அட்டையை உள்ளே தூக்கிவந்தேன்.
முதல் குழித் துணி
கையோடு வந்துவிட்டது.

குழிக்குள் மிளகளவு பல்பு,
பேட்டரியில் தொட்டுப் பார்த்த வயர்
இன்னும் சுற்றியபடியே.
ஓரத்தில் பென்சில் எழுத்து:
'ஆயில் லைட். நல்லா இருக்கு.'
கீழே தேதி.
இழுவை வண்டி வந்த மறுநாள்.

அன்று ராத்திரி
தோசைக்கு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டான்.
அதுதான் ஞாபகம் வருகிறது.

துணியைப் பழையபடி அடைத்தேன்.
பிறகு எடுத்தேன்.
குளியலறையில்
தண்ணீர்ச் சத்தம் நின்றது.