தக்கை எங்கே?

மாநில எல்லை தாண்டி நாலாவது மைலில்
ஆரஞ்சு நிறப் பலகை:
படகு எதுவானாலும் நிற்க வேண்டும்.
மோட்டார் படகு, துடுப்புப் படகு, காற்றடைத்தது,
ஓட்டை விழுந்து
கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போகிற படகுகூட.

கோடை முழுக்க என் வேலை
அடுத்தவர் படகின் அடிவயிற்றைத் தடவுவது.
மொன்டானாவின் சரளைக்கல்
முட்டியில் பதிந்தபடி இருக்கும்,
குளித்தாலும் போகாது.

மூன்றே கேள்விகள்.
கடைசியாக எந்தத் தண்ணீரில் மிதந்தது?
எத்தனை நாளாயிற்று?
தக்கை எங்கே?

தக்கையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தால்
சீக்கிரம் போய்விடலாம்.
கழற்றாமல் வந்திருந்தால்
நான் பிடுங்குவேன்,
யாரோ ஓர் ஊரின் ஏரி
என் காலணிமேல் கொட்டும்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு
வெண்டெல் ஓஸ்ட்பி வந்தார்.
அரிசோனாவில் வாங்கிய பழைய படகு.
முந்தைய சொந்தக்காரன் எழுதிவைத்த பெயர்
பின்புறம் பாதி உரிந்திருந்தது:
இரண்டாம் சம்பளம்.
'கருவாடாகக் காய்ந்து கிடக்கிறது,
விற்றவனே சொன்னான்' என்றார்.
தக்கையையும் எடுத்துக் காட்டினார்,
பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்தவர் போல.

மார்வா நாயை இறக்கினாள்.
பிக்கிள் குரைக்காது, பிறாண்டாது.
வாசம் தட்டினால் உட்காரும்,
அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த மொழி.
மோட்டாரைச் சுற்றியது.
நங்கூரத்தை மோந்தது.
ட்ரெய்லரின் கடைசி உருளைக்கு வந்தது.

உட்கார்ந்தது.

டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை.
கண்ணை மூடிக்கொண்டு
விரலால் பார்த்தேன்.
வழவழவென்று இருக்க வேண்டிய ரப்பரில்
உப்புத்தாள்.
நகத்தில் ஒட்டி வந்தது ஒன்று,
எள்ளில் பாதி, முதுகில் வரிகள்.

'ஒரு சிப்பிக்காகவா?'
ஆயிரத்துச் சொச்சம் மைல் ஓட்டி வந்த குரல்.
'எள்ளளவுகூட இல்லையே.'

இல்லைதான்.
குடிநீர்க் குழாய்க்குள் புகுந்து
கூட்டுக்குடும்பம் நடத்தப் போகிற எள்.
ஒரு பருவத்தில்
லட்சக்கணக்கில் முட்டையிடுகிற எள்.
இதையெல்லாம் நான் சொல்லவில்லை.
அவர் முதுகுக்குப் பின்னால்
பலகையில் படத்தோடு இருக்கிறது,
வந்தவர் எவரும் படித்து நான் பார்த்ததில்லை.

அறுபது டிகிரி வெந்நீர்.
குழாயைத் திறந்ததும்
படகு மறைந்தது, வெண்டெல் மறைந்தார்,
வசவு மட்டும் ஆவிக்குள்ளிருந்து வந்தது.
என்னை, நாயை, ஆளுநரை,
விற்றவனின் ஏழு தலைமுறையை.
பிறகு அதுவும் நின்றது.

ஆவி விலகியபோது
அவர் வண்டிக்குப் பின்னால் குந்தியிருந்தார்.
ஐஸ்பெட்டியைச் சரளையில் கவிழ்த்திருந்தார்.
உயிர்காப்புச் சட்டைகள் வேலியில் தொங்கின.
நங்கூரக் கயிற்றை முழம் முழமாகப்
பிழிந்துகொண்டிருந்தார்.
யாரும் கேட்கவில்லை.
'இதுவும் அந்தத் தண்ணீரில் நனைந்ததுதானே'
என்றார், கயிற்றிடம்.

படகையும் ட்ரெய்லரையும் சேர்த்து
மஞ்சள் கம்பியால் முடிந்து சீல் வைத்தேன்.
முப்பது நாள் வெயிலில் நிற்க வேண்டும்,
அறுத்தால் அபராதம்.
எங்கே நிறுத்துவீர்கள் என்று கேட்டேன்,
படிவத்தில் ஒரு கட்டம் அதற்கு.
'வீட்டு வாசலில்' என்றார்.
'வாசலில் இறங்கினால் ஏரி.'
கொஞ்சம் பொறுத்து, தானாகவே:
'முகத்தைத் திருப்பி நிறுத்திவிடுகிறேன்.'
படகைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அன்றைய பதிவேட்டில் எழுதியது:
படகு நாற்பத்தொன்று.
தக்கையோடு வந்தவை ஆறு.
சிப்பி கண்டது ஒன்று.
காரணம் என்ற கட்டத்தில்:
நாய் உட்கார்ந்தது.

ஒன்பது மணிக்குக் கூடாரத்தை மூடுகிறோம்.
கூம்புகளை அடுக்கி, பலகையை மடக்கி,
பிக்கிளுக்கு அதன் பந்தைக் கொடுத்து.
சாலை அதற்குப் பிறகும் திறந்தே இருக்கிறது.
என் ஜன்னலுக்குக் கீழே
ட்ரெய்லர் சங்கிலி கிலுங்கக் கிலுங்க
வடக்கே போகிறது ஏதோ ஒரு வண்டி.
படுத்தபடி கேட்கிறேன்,
தக்கை எங்கே?