வலது ஓரம்

ஆரம்பாக்கத்தில் நெல்லூர் பஸ் நின்று போகும் இடத்துக்கு
எதிரே என் கடை.
ஒரு பக்கம் ஒரு ரூபாய், முன்னும் பின்னும் ஒன்றரை,
ஸ்பைரல் போட்டால் நாற்பது.
ஆதார் நகலுக்கு வருகிறவர்கள்
தமிழில் விலை கேட்டுத் தெலுங்கில் குறைப்பார்கள்.

ஹேமச்சந்திரா நெல்லூரில் நீட் படிக்கிறான், இரண்டாம் வருஷம்.
விடுதியிலிருந்து வரும் ஞாயிறுகளில்
இஞ்சினை அணைக்காமல் காரை நிறுத்தி
தடித்த புத்தகங்களை மேசையில் அடுக்குவான்.
“அக்கா, ரெண்டு செட். ஒண்ணுல கிறுக்குவேன்,
ஒண்ணு சுத்தமா இருக்கணும்.”
கெட்ட பையன் இல்லை. மீதிச் சில்லறையை வாங்க மாட்டான்.

என் மெஷின் ஏதோ ஒரு வங்கியில்
தேயும் வரை தேய்ந்துவிட்டு இங்கே வந்தது.
பத்துக்கு ஒரு தாளைக் கோணலாக இழுக்கும்.
வலது ஓரம் போய்விடும்.
வலது ஓரம் என்றால் விடை.
‘ஆகவே வேகம் சமம்’ என்று வந்து நிற்கும்,
அப்புறம் வெள்ளை.

கோணல் தாள்கள் பஜ்ஜிக் கடைக்கு, கிலோ கணக்கில்.
ஒருநாள் சுமலதா
ரேஷன் கார்டு நகலுக்கு நின்றவள் கேட்டாள்:
“அந்தப் பெட்டியில இருக்கறத நான் எடுத்துக்கட்டுமா?”

அரசு மேல்நிலைப் பள்ளி, பன்னிரண்டு, தமிழ் வழி.
“இங்கிலீஷ்ல இருக்கே” என்றேன்.
“கணக்கு தெரியுதுக்கா, மத்தத தடவிக்குவேன்.”
அவள் அப்பா இறால் குட்டையில் ராக்காவல்.
காற்றுச் சக்கரம் நின்றால் விடிவதற்குள்
குட்டை முழுக்க வெள்ளையாக மிதக்கும்.
அதனால் அவர் தூங்கக் கூடாது.
அதனால் அங்கே கரண்டு போகாது.
அதனால் அவள் அந்த ஷெட்டில்தான் படிக்கிறாள்.
குட்டை யாருடையது என்று இன்னும் சொல்லவில்லை.
ஹேமச்சந்திராவின் சித்தப்பாவுடையது.

பஜ்ஜிக் கடைக்காரரிடம்
மெஷின் திருந்திவிட்டது என்று சொன்னேன்.

சில ஞாயிறுகளில் தாளை நானே கோணலாக வைத்தேன்.
நேராகவே ஒரு நகல் எடுத்துக் கொடுத்திருக்கலாம்தான்.
ரீம் முந்நூறு ரூபாய் என்பது ஒரு காரணம்.
மற்ற காரணத்தை நான் தோண்டிப் பார்த்ததில்லை.

வெட்டுப்பட்ட இடத்தில் வேறு தாள் ஒட்டி
பென்சிலால் விடை எழுதிக்கொண்டே வந்தாள்.
கார்த்திகையில் ஒரு சாயங்காலம் மூச்சிரைக்க வந்து,
“அக்கா, முந்நூத்திப் பன்னெண்டு, ஏழாவது,
மின்தேக்கிக் கணக்கு. புத்தகத்துல என்ன விடை?”
அவனுடைய சுத்தமான செட் கட்டுப் போடாமல் கிடந்தது.
பார்த்துச் சொன்னேன்: நாலு.
“எனக்கு எட்டு வருது.”
மேசையில் குனிந்து நின்றபடியே மறுபடி போட்டாள்.
எட்டு.
கொஞ்ச நேரம் இரண்டையும் பார்த்தாள்.
பிறகு ரப்பர் கேட்டு வாங்கி
எட்டை அழித்தாள், நாலு எழுதினாள்.

அடுத்த ஞாயிறு ஹேமச்சந்திரா
துண்டுத்தாள் ஒன்றை நீட்டினான்.
“இன்ஸ்டிட்யூட்ல திருத்தம் குடுத்தாங்கக்கா.
முந்நூத்திப் பன்னெண்டுல ஏழாவது தப்பாம்.
எட்டுதான் சரியாம். ரெண்டு காப்பி.”

மூன்று எடுத்தேன்.
மூன்றாவதை நான்கு முறை எடுத்தேன், நேராக விழும் வரை.

அந்த வாரம் குட்டையில் இறால் பிடிப்பு.
சுமலதா பள்ளிக்கும் வரவில்லை, கடைக்கும் வரவில்லை.
ஐஸ் பெட்டிகள் ஏற்றிய லாரிகள் தடா பக்கம் போயின,
ரோடெல்லாம் தண்ணீர்க் கோடு.
பத்தாம் நாள் வந்தாள்,
விரல் நுனிகள் ஊறி வெளுத்து, முள் குத்திய இடங்களில் பிளாஸ்திரி.

துண்டுத்தாளைக் கொடுத்தேன்.
எட்டு என்பதைப் படித்தாளா தெரியவில்லை.
முதலில் வலது ஓரத்தைத்தான் தடவிப் பார்த்தாள்.
“முழுசா இருக்கே,” என்றாள். “எவ்வளவுக்கா?”

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் தாளைப் பாதி தூரம் என் பக்கம் நகர்த்திவிட்டிருந்தாள்.

“ஒரு ரூபாய்” என்றேன்.